ஆடு கடிக்காத செடி

போட்டோவை அப்புறம் எடுத்துக்கலாம் தம்பி. வெயில் கொஞ்சம் தாழட்டும், இப்ப எடுத்தா பூவெல்லாம் வெளிறித் தெரியும். முதல்ல டீயைக் குடிங்க. மூணு மணி நேரம் பஸ்ஸுல குலுங்கிக்கிட்டு வந்திருக்கீங்க. எங்க ஊரு ரோடு அப்படி. புயலுக்கு முந்தியும் அப்படித்தான் கிடந்துச்சு, அதுக்குப் புயல் மேல பழி போடக்கூடாது.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். அறிவியல் டீச்சர் போன்ல போட்ட படத்தைப் பார்த்துட்டு வந்திருக்கீங்க. ஊரையே புயல் தின்னுடுச்சு, பள்ளிக்கூடம் மட்டும் பூத்து நிக்குதுன்னு எழுதியிருந்தாங்களாம். என் பேரும் இருந்துச்சாம். இந்திராணி, சத்துணவு சமையல்காரி, இந்தத் தோட்டத்தை உண்டாக்கினவங்க. அது பொய் இல்ல. உண்டாக்கினது நான்தான். இருபத்திரெண்டு வருஷமா இந்த அடுப்படியில நிக்கிறேன், அதுல பதினாலு வருஷம் இந்த மண்ணோட மல்லுக்கட்டியிருக்கேன். முந்தி இங்க என்ன இருந்துச்சுங்கறீங்க? உப்பு மண்ணு. அந்தத் தெருவைத் தாண்டினா உப்பளம், உப்பளத்தைத் தாண்டினா கடல். அருகம்புல்லுகூட யோசிச்சு யோசிச்சுத்தான் முளைக்கும்.

அரிசி களைஞ்ச தண்ணியை நான் ஒரு நாளும் வீணா ஊத்தினதில்ல. நூத்திப்பத்துப் பிள்ளைங்களுக்குச் சமைக்கிற அரிசி தம்பி, தண்ணி குடம் குடமா நிக்கும். அத்தனையும் செடிக்கு. பிள்ளைங்க முட்டை உரிச்சா தோலைத் தட்டுலயே வச்சிடணும், கீழ போட்டா கையில ஒண்ணு வைப்பேன். அந்தத் தோலைக் காயவச்சு, அம்மியில நுணுக்கி, ரோஜாவுக்குப் போடுவேன். ரோஜா அந்தத் தூணு ஓரம் வரிசையா நின்னுச்சு. இந்தப் பக்கம் கனகாம்பரம். அங்க டிசம்பர் பூ, ஊதாவும் வெள்ளையும். செம்பருத்தி நாலு நிறம். இதெல்லாம் இப்ப இல்ல, நீங்க தேடாதீங்க.

இப்ப பூத்திருக்கிறது வேற. சொல்றேன்.

புயல் வந்த சமயம் பசுமைப் பள்ளிக்கூடம்னு ஒரு பரிசு. மாவட்டத்துலேருந்து ஆபீசருங்க வந்து தோட்டத்தைப் பார்த்து மார்க் போடுறதா ஏற்பாடு. திங்கக்கிழமை வர்றாங்க. புயல் வந்தது அதுக்கு முந்தின வியாழக்கிழமை. அந்த நாலு நாள் வித்தியாசத்தை நீங்க மனசுல வச்சுக்கணும். ஏன்னா புயல் வருதுன்னு ஆட்டோவுல மைக் வச்சுச் சொல்லிட்டுப் போனப்ப, என் காதுல திங்கக்கிழமைதான் இருந்துச்சு. அதுக்கு முந்தின வருஷமும் இப்படித்தான் மைக் வச்சாங்க. ஊரே மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து பள்ளிக்கூடத்துல படுத்துச்சு. விடிஞ்சு பார்த்தா தூறல்கூட இல்ல. ஆனா என் கனகாம்பரம் இல்ல. ஒரு பாத்தி முழுக்க ஆடு மேஞ்சுட்டுப் போயிடுச்சு. மொட்டையா நின்னுச்சு பாத்தி. யாரு வீட்டு ஆடுன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்கல. எங்க ஊர்ல ஆடு இல்லாத வீடே கிடையாது. யாரைப் போய்க் கேக்குறது?

இந்தத் தடவை நாலு மணிக்கே வர ஆரம்பிச்சுட்டாங்க. தலையில மூட்டை, இடுப்புல குழந்தை, கையில ஆட்டுக்கயிறு. பள்ளிக்கூடத்துக் கேட்டு பூட்டியிருந்துச்சு. நான் கேட்டுக்கு வெளியில நின்னேன். சாவி ஹெட்மாஸ்டர்கிட்ட இருந்துச்சு. அவர் டவுன்ல இருக்கிறவர். வர்ற வழியில மரம் விழுந்து, பஸ்ஸு நின்னு, அவர் மகன் சுத்து வழியா வந்து சாவி சேர்றதுக்குள்ள ஆறு மணி ஆயிடுச்சு. அதான் தாமதம். யாரு மேலயும் தப்பு இல்ல.

இதை ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். ஆர்.டி.ஓ. வந்து விசாரிச்சப்பவும் இதையேதான் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே பழகிப்போச்சு பாருங்க, உங்ககிட்டயும் அதே வாக்குல வந்துடுச்சு.

சாவி என்கிட்டதான் இருந்துச்சு தம்பி.

இடுப்புல செருகியிருந்தேன். முந்தானையை மேல இழுத்து விட்டுக்கிட்டு நின்னேன். எனக்கு வேற ஒண்ணும் நெனப்பு இல்ல. ஆட்டையெல்லாம் வீட்டுல கட்டிட்டு வரட்டும், அப்புறம் திறப்போம். அவ்வளவுதான். ஆட்டை வெளியில விடுங்கன்னு நேராச் சொன்னா கேக்க மாட்டாங்க. நீ யாருடி சொல்றதுக்கும்பாங்க. சமையல்காரிதானே நான், ஊருக்குப் பிரசிடெண்டா? அதான் சாவி இன்னும் வரல, வர நேரமாகும், நிக்கிற நேரத்துல ஆட்டைக் கட்டிட்டு வந்துடுங்கன்னேன். பொய்தான். சின்னப் பொய்யின்னு நெனச்சேன். முக்காவாசிப் பேரு திரும்பிப் போனாங்க, ஆட்டைக் கட்டுனாங்க, வந்துட்டாங்க. அவங்களுக்கெல்லாம் பக்கத்துல வீடு.

வேதாம்பா அக்காவுக்கு வீடு தூரம். உப்பளத்து ஓரம், கடைசி வீடு. அவங்களும் அத்தானும் அஞ்சு மணிக்கு வந்தாங்க. அத்தான்னா சிங்காரவேலு அத்தான், அவங்க வீட்டுக்காரர். உப்பளத்துல வேலை பார்த்து ரெண்டு காலும் வெடிச்சுப்போயி, சரியா நடக்க முடியாது. அக்கா மூணு ஆட்டைக் கயிறு போட்டுப் பிடிச்சிருந்தாங்க. அதுல ஒண்ணு சினை. சாவி வரலையான்னு கேட்டாங்க. வரலைன்னேன். கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம் அத்தானை இந்த ஆலமரத்தடியில உக்கார வச்சிட்டு, ஆட்டைக் கொண்டு போய்க் கட்டிட்டு வந்துடுறேன்னு கிளம்பினாங்க.

இந்த ஆலமரத்தடின்னு கையைக் காட்டுறேன், அங்க மரம் இல்ல பாருங்க. அதுவும் போயிடுச்சு.

அக்கா வரல.

காத்து ஆறரைக்கு முழுசாப் பிடிச்சுக்கிச்சு. நான் அதுக்கு முந்தியே கொல்லைப் பக்கமா ஒரு சுத்து சுத்தி வந்து, சாவி வந்துடுச்சுன்னு சொல்லிக் கேட்டைத் திறந்துட்டேன். எல்லாரும் உள்ள போயிட்டாங்க. அத்தான் மட்டும் வகுப்பு வாசப்படியில நின்னுக்கிட்டே இருந்தாரு. அவ வந்துருவா, ஆட்டைக் கட்டிட்டு அங்கேயே யாரு வீட்டுலயாவது ஒதுங்கியிருப்பான்னு நாங்க சொன்னோம். நானும் சொன்னேன். நான்தான் நிறையச் சொன்னேன். தென்னை மரம் முறியுற சத்தம் கேக்கக் கேக்கச் சொல்லிக்கிட்டே இருந்தேன்.

காலையில போய்ப் பார்த்தாங்க. வீட்டு மேல ரெண்டு தென்னை விழுந்து கிடந்துச்சு. நான் போகல. நூறு பேருக்கு மேல பசியோட கிடக்கறாங்க, நான் உப்புமா கிண்டணுமே. கிண்டுனேன். எல்லாரும் சாப்பிட்டாங்க. நல்லாயிருந்துச்சுன்னு சொன்னாங்க.

ஆட்டுல ரெண்டு செத்துப்போச்சு. அந்தச் சினை ஆடு மட்டும் பிழைச்சுக்கிச்சு.

அப்புறம் வந்து அழுதவங்ககிட்டயெல்லாம் நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். ஆட்டு மேல உள்ள பாசத்துல போனாங்க, அந்தப் பாசமே எமனாப் போச்சுன்னு. எல்லாரும் தலையாட்டுவாங்க. எனக்கும் அது ஒத்தாசையா இருந்துச்சு. உண்மைதானே, பிள்ளை குட்டி இல்லாதவங்க, ஆட்டைத்தான் பேரு வச்சுக் கூப்பிட்டு வளர்த்தாங்க. இதை நான் இட்டுக்கட்டல. ஊருக்கே தெரியும்.

என் தோட்டத்தைக் கேக்கறீங்களா? ஒண்ணும் மிஞ்சல. கடல் தண்ணியைக் காத்து வாரி அடிச்சிருக்கு. எல்லா இலையும் கருகிப்போச்சு, நெருப்பு வச்ச மாதிரி. ரோஜா வேரோட போச்சு. கனகாம்பரம் அழுகிப்போச்சு. ஆடு ஒண்ணுகூட உள்ள வரல தம்பி. ஒரு ஆட்டுப் புழுக்கை இந்தத் தோட்டத்துல கிடையாது. பரிசு கொடுக்கறேன்னவங்களும் வரல. அவங்களுக்கு வேற வேலை வந்துடுச்சு.

நான் தண்ணி ஊத்துறதை நிறுத்திட்டேன். அரிசித் தண்ணியைச் சாக்கடையில ஊத்தினேன். பதினாலு வருஷத்துல முதல் தடவையா. இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காம அடுப்படிக்குப் போவேன், வருவேன். வீட்டுல எங்க வீட்டுக்காரர் கேட்டாரு, செடி போனதுக்கா இப்படி இடிஞ்சு போய் உக்காந்திருக்கேன்னு. ஆமாம்னேன். ஆமாம்னு சொல்றது சுலபமா இருந்துச்சு.

மார்கழி பொறந்து ரெண்டு நாளோ மூணு நாளோ. மூணாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு ஓடி வந்து, ஆயா ஆயா, பூத்திருக்குன்னுச்சு. போய்ப் பார்த்தா நித்தியகல்யாணி. குழாயடி ஓரம் கருகிக் கிடந்த தூரெல்லாம் தழைஞ்சு, ரோஸ்ல அஞ்சாறு, வெள்ளையில ஒண்ணு. நான் அதை நட்டதே இல்ல தம்பி. தானா முளைக்கும். சுடுகாட்டுப் பூன்னு பேரு, எங்க பக்கம் யாரும் தலையில வைக்க மாட்டாங்க. ரோஜாவுக்குப் போற தண்ணியை இது குடிச்சிடுதுன்னு நான் வாரம் ஒரு தடவை பிடுங்கிப் பிடுங்கிப் போடுவேன். பிடுங்கினது போக மிஞ்சின தூரு அது. இப்ப அதுக்குத்தான் நான் உண்டாக்கினேன்னு பேரு.

ஆனா அந்தப் பூவுக்கு ஊரு கூடுச்சு பாருங்க. சுத்திலும் பச்சைன்னு கண்ணுக்கு ஒண்ணும் கிடையாது அப்ப. மொட்டை மரம், தார்ப்பாய், கருகின வேலி. நிவாரண அரிசி வாங்க வரிசையில நிக்கிறவங்க எட்டி எட்டி இதைப் பார்ப்பாங்க. அஞ்சம்மான்னு ஒருத்தி, வீடு போயி, வச்சிருந்த மாமரமெல்லாம் போயி, ஒரு மாசமா யாருகிட்டயும் பேசாம இருந்தா. அவ வந்து ஒரு நாத்தைப் பிடுங்கிக்கிட்டுப் போயித் தார்ப்பாய்க்கு முன்னாடி நட்டா. மறுநாள் தண்ணி ஊத்தக் குடம் இல்லைன்னு பக்கத்துல வாய் திறந்து கேட்டா. அப்புறம் ஆளாளுக்கு வந்து நாத்து வாங்கிட்டுப் போனாங்க. நானும் மறுபடி அரிசித் தண்ணியை இங்க கொண்டாந்து ஊத்த ஆரம்பிச்சேன். ஊத்துறப்ப மனசு ஆறுதலாத்தான் இருந்துச்சு, இல்லைங்கல. ஆறுதலா இருக்கேன்னு நெனச்ச உடனே ஆறுதல் போயிடும்.

அத்தானும் வர ஆரம்பிச்சாரு. தெனமும் பத்து மணிக்கு. காலை இழுத்து இழுத்து நடந்து வருவாரு. ஆட்டைக் கேட்டுக்கு வெளியில கட்டிட்டு, உள்ள வந்து, அக்கா படத்துக்கு அஞ்சு பூப் பறிச்சுக்கிட்டுப் போவாரு. ஆட்டை உள்ள கொண்டாங்க அத்தான், வெயில்ல நிக்குதேன்னு நான் சொன்னா, வேணாம்மா, வெளியிலயே நிக்கட்டும்பாரு. ஒரு நாள் அவரே சொன்னாரு, இந்தச் செடியை ஆடு கடிக்காது இந்திரா, ரொம்பக் கசக்கும், பட்டினி கிடந்தாலும் வாய் வைக்காதுன்னு.

இந்தத் தோட்டத்துல மிஞ்சினது ஆடு கடிக்காத செடி ஒண்ணுதான். நான் எதுக்குக் கேட்டை மூடி வச்சேன்?

அப்பக்கூட நான் சொல்லியிருக்க மாட்டேன். உங்களுக்கு உண்மையைச் சொல்றேன், சாகுற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். அவருக்கு இந்தப் பூ ஒண்ணுதான் ஆறுதல், அதையும் நாம ஏன் கெடுக்கணும்னு எனக்கு நானே சமாதானம் வச்சிருந்தேன். ஹெட்மாஸ்டர்தான் கெடுத்தாரு. நாளைக்குக் குடியரசு தினமில்லையா, கொடியேத்தினதும் எனக்குப் பொன்னாடை போத்தறதுன்னு முடிவு பண்ணியிருக்காங்க. யாரு போத்தறதுன்னு பேச்சு வந்திருக்கு. ஊர்ல ரொம்ப இழந்தவரு சிங்காரவேலு, அவர் கையால போத்தினாத்தான் பொருத்தம்னுட்டாரு. அத்தானும் சரின்னுட்டாராம். முந்தாநாள் காலையில ஹெட்மாஸ்டர் சிரிச்சுக்கிட்டே வந்து சொல்றாரு. குழம்பு கொதிக்குது, நான் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அந்த மனுசன் கை என் தோள் மேல படுறதா? என்னால முடியாது.

நேத்து பத்து மணிக்கு வந்தாரு. நான் குழாயடியில அவருக்காகவே நின்னேன். பூப் பறிக்கக் குனிஞ்சாரு. அத்தான், அன்னிக்குச் சாவி என் இடுப்புலதான் இருந்துச்சுன்னேன்.

எத்தனையோ தடவை மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தது. முன்னாடி ஒரு பீடிகை, பின்னாடி ஒரு சமாதானம், பரிசு, திங்கக்கிழமை, முந்தின வருஷம் மேஞ்ச கனகாம்பரம், எல்லாம் சேர்த்து வச்சிருந்தேன். ஒண்ணும் வரல. அது ஒண்ணுதான் வந்துச்சு.

அவர் நிமிரவே இல்ல. அஞ்சு பூவையும் பறிச்சு முடிச்சாரு. அப்புறம் சொன்னாரு, தெரியும்மா.

எப்படித் தெரியும்னு கேட்டேன்.

அவதான் பார்த்தா, அன்னிக்கே. மரத்தடியில என்னை உக்கார வைக்கிறப்ப காதோட சொன்னா, சாவி அதுகிட்டதான் இருக்கு, நம்ம ஆட்டைப் பார்த்துத்தான் திறக்க யோசிக்குது, வாய் விட்டுச் சொல்லக் கூச்சப்படுது, பாவம், பதினாலு வருஷமா எச்சித் தட்டுத் தோலைப் பொறுக்கிப் போட்டு வளர்த்த செடி, நாம ஏன் அதை மேய விடணும், ஒரு ஓட்டம் போயிக் கட்டிட்டு வந்துடறேன். இப்படிச் சொல்லிட்டுத்தான் போனா.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. அக்கா கிளம்புறதுக்கு முந்தி என் பக்கத்துல வந்தாங்க. என் முந்தானை காத்துல பறந்துச்சு. அதைப் பிடிச்சு இழுத்து, என் இடுப்புல நல்லா அழுத்திச் செருகி விட்டாங்க. காத்து பலமா இருக்கு, பார்த்துக்கன்னாங்க. நானும் என்னமோ சேலை கலைஞ்சிருக்கு, சரி பண்றாங்கன்னு நின்னேன். சாவி வெளியில தெரிஞ்சிருக்கு தம்பி. மத்தவங்க பார்த்துடக் கூடாதுன்னு மூடி விட்டிருக்காங்க.

மன்னிச்சுருங்க அத்தான்னு சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திட்டாரு. அவ சொன்னதை நான் சொன்னேன், அவ்வளவுதான், நான் என்ன நெனக்கிறேன்னு நீ கேக்காதன்னாரு. இத்தனை நாளும் ஏன் அத்தான் சொல்லலைன்னேன். அவளே அதைப் பெருசா எடுத்துக்கல, நான் எதுக்குச் சொல்லணும்னு இருந்தேன், ஆனா நீ ஊரு பூரா ஆட்டுப் பாசத்துல செத்தான்னு சொல்லிக்கிட்டிருக்கிறதுதான் கஷ்டமா இருந்துச்சுன்னாரு.

பூவை வேட்டி மடிப்புல முடிஞ்சுக்கிட்டாரு. கேட்டு வரைக்கும் போயி, ஆட்டை அவுத்துட்டுத் திரும்பி நின்னு சொன்னாரு, பூவுக்கு நான் நாளைக்கும் வருவேன், பொன்னாடைக்கு வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லு.

இன்னிக்குக் காலையில வந்தாரு. பறிச்சாரு. போனாரு.

ஹெட்மாஸ்டர்கிட்ட எனக்குப் பொன்னாடை வேணாம்னுட்டேன். தன்னடக்கம்னு நெனச்சுக்கிட்டு டீச்சர்கிட்டயெல்லாம் பெருமையாச் சொல்லிட்டுத் திரியறாரு. நாளைக்குக் கொடியேத்தினதும் நானே மைக்குகிட்ட போகப்போறேன். வேலை போனாலும் போகட்டும். போயி நிக்கிறப்ப வாய் வருமா வராதான்னு தெரியல, அதான் உங்களை உக்கார வச்சு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கோவிச்சுக்காதீங்க.

டீ ஆறிப்போச்சு பாருங்க, வேற போட்டுத் தர்றேன். நீங்க எழுதுறதுல என் பேரை எடுக்க வேணாம், இருக்கட்டும். ஆனா வேதாம்பாள்னு ஒரு பேரு அதுல வரணும். ஆட்டுக்காகப் போனாங்கன்னு எழுதிடாதீங்க தம்பி. என் செடிக்காகப் போனாங்க.